விடுபட்டவற்றின் கணக்கு

ஆராய்ச்சியை எண்ணால் அளக்கலாமா என்ற கேள்வி இன்று பல்கலைக்கழகங்களில் அநேகமாக எழுவதே இல்லை. எந்த எண்ணால் என்பதுதான் பேச்சு. ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் எத்தனை பேப்பர், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு, கட்டுரை வந்த இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் என்ன என்று கேட்டே நியமனங்களும் பதவி உயர்வுகளும் முடிவாகின்றன. இந்த எண்களின் வரலாற்றைச் சொல்பவர்கள், நல்ல கருவி ஒன்று தவறான கைகளில் சிக்கிய கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள்: நூலகர்கள் தேடுவதற்காகச் செய்ததை நிர்வாகிகள் தராசாக்கிவிட்டார்களாம். இது பாதி உண்மை. இந்தக் கருவி வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் பணமோ ஆளோ போதாமல் சிலவற்றை விட்டுவிட நேர்ந்தது. அப்படி விட்டவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் காரணத்தை மறந்தார்கள். விடுபட்டவை தகுதி இல்லாததால்தான் விடுபட்டன என்று எடுத்துக்கொண்டார்கள். நூலளவியல் என்று இன்று நாம் அழைக்கும் துறையில் எவை எண்ணப்பட்டன என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எவை எதனால் எண்ணப்படவில்லை என்று பார்த்தால்தான் இன்றைய சிக்கலின் வேர் பிடிபடும்.

1927 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரையிலிருந்து தொடங்கலாம். எழுதியவர்கள் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ், கிராஸ் என்ற இருவர். அவர்களுடைய கேள்வி மிக எளியது. மாணவர்களை மேற்படிப்புக்குத் தயார்செய்ய வேண்டிய ஒரு சிறிய கல்லூரியின் நூலகம், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும்? அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதில் வந்த கட்டுரைகள் எந்தெந்த இதழ்களைச் சுட்டுகின்றன என்று எண்ணினார்கள். 247 இதழ்களுக்கு மொத்தம் 3,633 மேற்கோள்கள் கிடைத்தன. எண்ணிக்கை அதிகமுள்ளவற்றை முதலில் வாங்கு என்பது முடிவு. ஜெர்மன் இதழ்கள் முன்வரிசையில் நின்றதால், வேதியியல் மாணவர் ஜெர்மன் படிக்க வேண்டும் என்ற அறிவுரையும் கூடவே பிறந்தது. எந்த இதழ் உயர்ந்தது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. அமெரிக்க வேதியியலாளர்கள் எதைப் புரட்டுகிறார்கள் என்று மட்டுமே சொன்னது. வாங்காமல் விட்ட இதழ், பணம் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய இதழ்தான். கணக்குப் போட்டவர்களுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

ஏறத்தாழ இதே மனப்பாங்கோடு கணக்கை நூலகத்துக்குள் கொண்டுவந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில், உயிரியலுக்கும் பொருளாதாரத்துக்கும் அளவியல் கிளைகள் இருப்பதுபோல நூலகத்துக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி, அதற்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரிட்டார். 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற பெயரை ஆலன் பிரிட்சர்ட் முன்வைத்த 1969ஆம் ஆண்டுக்கு அது 21 ஆண்டுகள் முந்தையது. நூல்கள் பயன்பாட்டுக்கே, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று விதி வகுத்தவருக்கு, அளவு என்பது நூலகத்தை நடத்துவதற்கான துணை. எத்தனை வாசகர் வருகிறார்கள், எவ்வளவு பணியாளர் வேண்டும், எந்த நூல் எடுக்கப்படுகிறது என்பன அந்தந்த நூலகத்தின் கணக்குகள். ஒரு நூலகத்தின் எண்ணை இன்னொரு நூலகத்தில் கொண்டுபோய் வைத்தால் அதற்குப் பொருள் இல்லை. பொமோனாவிலும் சென்னையிலும் எண்ணியவரும் எண்ணின் பயனை அனுபவித்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். விடுபட்டது எது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

கூரை மாறியது யூஜீன் கார்ஃபீல்டின் காலத்தில். அவர் எடுத்துக்கொண்ட மாதிரி நூலக உலகத்திலிருந்து வந்ததல்ல. வழக்கறிஞர் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் முந்தைய தீர்ப்பே சட்டம் என்பதால், ஒரு பழைய தீர்ப்பை நம்பி வாதிடுமுன் அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்தத் தேவைக்காக ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தொழிலைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் சுட்டின என்று அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டுகளை அவர் விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைச் சட்டப் புத்தகங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிற்பாடு அது தொகுதிகளாக வளர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வெல்ச் மருத்துவ நூலகத்தில் மருத்துவக் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தும் திட்டத்தில் கார்ஃபீல்ட் வேலைபார்த்த 1953இல், ஷெப்பர்ட் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் அடேர் ஒரு கடிதம் எழுதி இந்த முறையைச் சுட்டிக்காட்டினார். இரண்டு ஆண்டுகளில், 1955 ஜூலையில், அறிவியலுக்கும் இப்படியொரு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்ற கார்ஃபீல்டின் கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அவர் அங்கே முன்வைத்த முதல் நோக்கம் இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்: மோசடியான, முழுமையற்ற, காலாவதியான தரவுகளை ஆராய்ச்சியாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டாமல் இருக்க, ஒரு கட்டுரைமீது வந்த விமர்சனங்களை எளிதில் கண்டுபிடிக்க வழிசெய்வது.

இங்கேதான் முதல் பெரிய விடுபடல் நேர்ந்தது. ஷெப்பர்டின் தொகுதிகளில் பல சுட்டுதல்களுக்கு முன்னால் ஒரு குறியெழுத்து இருக்கும். பின்வந்த நீதிமன்றம் பழைய தீர்ப்பை உறுதிசெய்ததா, மாற்றியதா, அடியோடு தள்ளியதா, குறைகூறியதா, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று ஒதுக்கியதா என்பதை அந்த எழுத்து சொல்லும். நூறு முறை சுட்டப்பட்ட தீர்ப்பு, நூறாவது முறை ரத்தாகியிருந்தால் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை. குறியெழுத்து இல்லாத ஷெப்பர்ட் தொகுதியை எந்த வழக்கறிஞரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார். அறிவியலுக்கு வந்தபோது இந்த எழுத்துகள் உதிர்ந்துபோயின. ஒவ்வொரு மேற்கோளையும் படித்து, அது பாராட்டா மறுப்பா என்று குறிக்கத் துறையறிந்தவர்கள் வேண்டும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து மேற்கோள் பட்டியலைத் துளை அட்டையில் ஏற்றத் துறையறிவு தேவையில்லை. கார்ஃபீல்டுக்கு இது தெரியாததல்ல. 1960களின் நடுவில் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்டுவதற்கு 15 காரணங்களை அவரே வரிசைப்படுத்தினார். முன்னோடிக்கு மரியாதை செலுத்துவது, சொந்தப் பழைய கட்டுரையைத் திருத்துவது, பிறர் கட்டுரையை மறுப்பது, முதலில் கண்டவர் யார் என்று வழக்காடுவது எல்லாம் அதில் உண்டு. இந்த வேறுபாடுகளை ஒருநாள் இயந்திரம் குறிக்கக்கூடுமா என்றும் யோசித்தார். அந்த நாள் வரும்வரை பாராட்டும் மறுப்பும் ஒரே எண்ணில், ஒரே எடையில் கூட்டப்பட்டன.

இரண்டாவது விடுபடல் இதழ்களின் பட்டியலில். 1958இல் நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அடுத்த ஆண்டே கார்ஃபீல்டுக்கு எழுதி ஊக்கம் தந்தார். அமெரிக்க அரசு அமைப்புகளின் நிதியும் வந்தது. அதன் பலனாக 1963இல் மரபியலுக்கு மட்டுமான சோதனை அட்டவணை வெளிவந்தது. எல்லா அறிவியலையும் தழுவிய அட்டவணைக்கு அரசு கைகொடுக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் தான் நடத்திய இன்ஸ்டிடியூட் ஃபார் சயன்டிஃபிக் இன்ஃபர்மேஷன் என்ற தனியார் நிறுவனத்தின் பொறுப்பிலேயே கார்ஃபீல்ட் அதை வெளியிட வேண்டியிருந்தது. 1964இல் வணிகமுறையில் விற்பனைக்கு வந்த முதல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்', 1961ஆம் ஆண்டின் 613 இதழ்களையும் அவற்றிலிருந்த சுமார் 14 லட்சம் மேற்கோள்களையும் கொண்டிருந்தது. அப்போது உலகில் வந்துகொண்டிருந்த அறிவியல் இதழ்கள் இதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு இதழும் சந்தா, தட்டச்சு, அச்சுச் செலவு என்பதால், சேர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனைக்கு உதவத்தான் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் இம்பாக்ட் ஃபாக்டரை உருவாக்கினார்கள். வெறும் மேற்கோள் எண்ணிக்கையை வைத்தால் கட்டுரைகளை அள்ளிப்போடும் பெரிய இதழ்களே முன்னுக்கு நிற்கும். கச்சிதமான சிறிய இதழ்கள் அடிபட்டுப்போகும். எனவே ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். பொமோனாவில் எழுந்த கேள்வியின் மறுபிறப்புதான் இது: இருக்கும் பணத்தில் எதைச் சேர்ப்பது? 1970களின் நடுவில் இந்த எண்கள் 'ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரில் தனியே அச்சாகி வந்தபோது, உள்வீட்டுக் கணக்கு ஊருக்குத் தெரிந்த தரவரிசையாகிவிட்டது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தேர்வு பணத்தட்டுப்பாட்டால் வந்ததாகவே இருக்கட்டும். அறிவியல் இலக்கியமே இயல்பாகச் சில இதழ்களில் குவிந்துதானே கிடக்கிறது, அவற்றைப் பிடித்தால் போதாதா என்பது அது. லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகர் சாமுவேல் பிராட்ஃபோர்ட் 1934இல் இதற்குச் சான்று தந்தார். பயன்முறைப் புவியியற்பியலில் வந்த 1,332 கட்டுரைகளை அவர் பிரித்துப் பார்த்தபோது, 9 இதழ்களில் 429, அடுத்த 59 இதழ்களில் 499, மீதி 258 இதழ்களில் 404 என்று விழுந்தன. கார்ஃபீல்ட் 1972இல் ஒருபடி மேலே போய், தம் அட்டவணையிலுள்ள மேற்கோள்களில் பாதி வெறும் 152 இதழ்களுக்கே போகிறது என்றும், ஒரு துறைக்கு வால் போல இருப்பது இன்னொரு துறையின் மையமாக இருப்பதால் மொத்த மையமும் சிறியதே என்றும் வாதிட்டார். ஆனால் பிராட்ஃபோர்டின் எண்களைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அந்த 9 இதழ்களோடு நிறுத்திக்கொண்டவருக்கு மூன்றில் இரண்டு பங்கு கட்டுரைகள் கண்ணிலேயே படாது. பிராட்ஃபோர்டின் கவலையும் அதுதான். சுருக்க இதழ்கள் பெரும்பகுதி இலக்கியத்தைத் தவறவிடுகின்றன என்பதைக் காட்டவே அவர் இந்தக் கணக்கில் இறங்கினார். கார்ஃபீல்டின் 152இலோ வேறொரு சிக்கல். அங்கே மேற்கோள் காட்டுபவை யாவும் ஏற்கெனவே பட்டியலில் இருந்த இதழ்கள். பட்டியலில் உள்ளவர்கள் யாரைச் சுட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, வந்த பதிலை அறிவியல் முழுவதன் பதிலாகக் கொள்ள முடியாது. குவிப்பு உண்மைதான், ஆனால் எங்கே குவிகிறது என்பதைப் பட்டியலே ஓரளவு முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

பட்டியலின் இந்தக் குணம் ஒரு நாட்டின் தலைவிதியைப் பேசும் அளவுக்கு வளர்ந்ததை இந்திய உதாரணம் காட்டும். அமெரிக்க தேசிய அறிவியல் வாரியம் 1972ஆம் ஆண்டுக்கான 'சயன்ஸ் இண்டிகேட்டர்ஸ்' அறிக்கையில் நாடுகளின் கட்டுரை எண்ணிக்கையை ஒப்பிட்டபோதே, அட்டவணை அரசுக் கொள்கையின் கருவியாகிவிட்டது. இந்தியாவில் இந்தத் தரவுகளை மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். விளிம்பில் நடக்கும் அறிவியலை அளக்க மேற்கோள் முறைகள் போதுமானவையா என்று 1989இலேயே கேட்டவர் அவர். பிறகு அவரே இன்னொரு கவலைக்குரிய எண்ணையும் முன்வைத்தார். 1980இல் அட்டவணையில் ஏறத்தாழ 15,000ஆக இருந்த இந்தியக் கட்டுரைகள், 2000இல் 12,000 சொச்சமாகக் குறைந்திருந்தன. சீனாவும் தென்கொரியாவும் அதே காலத்தில் பல மடங்கு ஏறியிருந்தன. இந்திய அறிவியல் சரிகிறதா என்ற விவாதம் வெடித்தது. ஆனால் அதே ஆண்டுகளில் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்த இந்திய இதழ்களின் எண்ணிக்கையும் வெகுவாகச் சுருங்கியிருந்தது. சரிவில் அதற்கும் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வாளர் அபர்ணா பாசு 1999இலேயே காட்டியிருந்தார். சீனாவும் கொரியாவும் ஓடிய ஓட்டத்தைப் பட்டியலை மட்டும் வைத்து விளக்க முடியாது. எனவே அருணாசலத்தின் கவலையைத் தள்ளிவிடுவதற்கில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நாட்டின் விஞ்ஞானிகள் குறைவாக எழுதினார்களா, அல்லது ஃபிலடெல்ஃபியாவில் சில இதழ்கள் நிறுத்தப்பட்டனவா என்பது, எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே சரிவாகத்தான் வரைபடத்தில் விழும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. எண்கள் குறையுள்ளவை என்றால் அவற்றுக்கு மாற்று எது? எண் இல்லாத காலத்தில் யார் சீடர், யார் உறவு, யார் சாதி என்று பார்த்துத்தானே வேலை கொடுத்தார்கள்? எண்ணுக்காவது முகம் தெரியாது. இந்திய நிலைமை அறிந்த எவரும் இதைப் புறந்தள்ள முடியாது. வெளியிலும் சான்று உண்டு. 1970களில், நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட பெண் உயிர்வேதியியலாளர் ஒருவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மீது பாகுபாட்டு வழக்குத் தொடுத்தபோது, தம் பணியின் தரத்துக்குச் சான்றாக மேற்கோள் எண்ணிக்கையையும் நீதிமன்றத்தில் வைத்தார். 1977இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. கல்வித் தகுதியைத் துறையினரே மதிப்பிடட்டும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. எண்ணின் உண்மையான வலிமை இங்கே தெரிகிறது. அதிகாரம் உள்ளவர்கள் காரணம் சொல்லாமல் கைவிரிக்கும்போது, அவர்களைக் கேள்வி கேட்கப் பலமற்றவருக்கு எண் ஒரு பிடி தந்தது. ஆனால் அதே எண் தேர்வுக்குழுவின் மேசையில் தகுதிக் கோடாக மாறும்போது வேலை தலைகீழாகிறது: காரணம் சொல்லும் கடமையிலிருந்து அதிகாரத்தை அது விடுவிக்கிறது. சாதியும் சிபாரிசும் அங்கே ஒழிவதில்லை. நல்ல ஆய்வகம், நல்ல கூட்டாளி, கட்டுரைக் கட்டணம் செலுத்தும் வசதி ஆகியவை யாருக்குக் கிடைக்கின்றன என்ற முந்தைய கட்டத்துக்கு இடம்பெயர்கின்றன. எண் முகம் பார்ப்பதில்லை என்பது உண்மை. எண்ணிக்கைக்குள் நுழையும் வாசல் முகம் பார்க்கிறது.

தகுதிக் கோடாக மாறியதன் விளைவை நம் கல்லூரிகள் நேராக அனுபவித்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் உயர்வுக்கும் புள்ளிமுறையைக் கொண்டுவந்தபோது, வெளியான கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண் என்று வகுத்தது. கட்டுரை போட வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் கடைவிரித்தன. அதைத் தடுக்க 2017இல் ஏற்கப்பட்ட இதழ்களின் பெரும்பட்டியல் வந்தது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்க வேண்டியதாயிற்று. அடுத்து, இந்திய மொழி இதழ்களுக்கும் இடமளித்த 'கேர்' பட்டியல் 2019இல் நடைமுறைக்கு வந்து, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமே திரும்பியது. 2017இலிருந்து சுமார் எட்டு ஆண்டுகளில் நடந்த இந்தச் சுற்றில் ஒவ்வொரு முறையும் தேடப்பட்டது இன்னும் நல்ல பட்டியல். கட்டுரையைப் படித்துப் பார்க்க ஆளையும் நேரத்தையும் எப்படி ஒதுக்குவது என்பது பின்னுக்கே தள்ளப்பட்டது. பொமோனா நூலகம் இதழ் வாங்கும் செலவைச் சிக்கனப்படுத்தியது. நம் தேர்வுக்குழுக்கள் படிக்கும் செலவைச் சிக்கனப்படுத்தின. முதலாவது, எதை இழக்கிறோம் என்று தெரிந்து செய்த சிக்கனம். இரண்டாவதற்குத் தரக்கட்டுப்பாடு என்று பெயர் வைத்ததால், இழப்பு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது.

இன்று இந்தத் தட்டுப்பாடெல்லாம் எங்கே என்று கேட்கலாம். வெப் ஆஃப் சயன்ஸும், 2004இல் வந்த ஸ்கோபஸும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களைத் தொகுக்கின்றன. அதே ஆண்டில் வந்த கூகுள் ஸ்காலர் கிடைத்ததையெல்லாம் சேர்க்கிறது. பட்டியல் விரிந்ததென்னவோ உண்மை. ஆனால் விரிந்த பட்டியலுக்குள் படிக்கட்டுகள் முளைத்தன: முதல் கால்பகுதி இதழ், இரண்டாம் கால்பகுதி இதழ் என்று. வெளியே நிற்பவர்களைக் குறைத்துவிட்டு உள்ளேயே கடைசி வரிசையை உண்டாக்கினார்கள். கூகுள் ஸ்காலரோ தான் எவற்றைச் சேர்க்கிறது என்ற பட்டியலையே வெளியிடுவதில்லை. விடுபட்டது எது என்று கேட்கவும் அங்கே வழியில்லை. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-இண்டெக்ஸ் எந்தத் தரவுத்தளத்தில் பார்க்கிறோமோ அதற்கேற்ப ஒரே மனிதருக்கு வெவ்வேறு எண்ணாக வருவது இந்தப் பட்டியல்கள் வேறுபடுவதால்தான். இம்பாக்ட் ஃபாக்டரை ஆளை மதிப்பிடப் பயன்படுத்தாதீர்கள் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும், 2015இன் லெய்டன் அறிக்கையும் சரியான அறிவுரைகளையே தந்தன. ஆனால் எண்ணைக் கைவிடச் சொல்வது எளிது. எண் மிச்சப்படுத்திய நேரத்தை யார் தருவது என்பதற்கு நிறுவனங்கள் தங்கள் வரவு செலவில் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே எண்ணிக்கையே வேண்டாம் என்பது இந்த வரலாறு தரும் பாடமல்ல. எண்ணி எண்ணித்தான் இதழ்களை வாங்கினார்கள், இலக்கியத்தைத் தேடினார்கள், பாகுபாட்டைக் கேள்வி கேட்டார்கள். பாடம் இதைவிடக் குறுகலானது, நடைமுறைக்கு நெருக்கமானது. மேற்கோள் கணக்கு எதுவும் ஒரு பட்டியலின் கணக்கு; பட்டியல் எதுவும் ஒரு செலவுத் தீர்மானம். எனவே ஒரு பல்கலைக்கழகமோ அரசோ எண்ணைக் கொண்டு ஒருவருக்கு வேலையை மறுக்கும்போது, எந்தப் பட்டியலில் எண்ணினோம், அதில் எவை இல்லை, அவை தரமில்லாததால் இல்லையா அல்லது யாரும் பார்க்காததால் இல்லையா என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுக்கப்பட்டவரின் கட்டுரைகளில் இரண்டையாவது யாராவது படித்தார்களா என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஷெப்பர்டின் தொகுதியை வாங்கிய வழக்கறிஞர், எத்தனை முறை என்பதோடு எப்படி என்பதற்கும் சேர்த்தே காசு கொடுத்தார். அந்த இரண்டாவது பாதிக்குச் செலவழிக்க மனமில்லாத நிறுவனம் முதல் பாதியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது, மேல்முறையீட்டில் கவிழ்ந்துபோன தீர்ப்பை நம்பி வாதாடுவதற்குச் சமம்.